சிறுவர் கால் எலும்பு முறிவு அறுவைக்குப் பிந்தைய வலி மேலாண்மை

சிறுவர் கால் எலும்பு முறிவு அறுவைக்குப் பிந்தைய வலி மேலாண்மை என்பது, தொடையெலும்பு, கால் முன்னெலும்பு முதலிய எலும்புகள் முறிந்து அறுவைச் சிகிச்சை செய்யப்பட்ட குழந்தைகளின் வலியை அளவிட்டு, தணித்து, அதன் போக்கைக் கண்காணிக்கும் மருத்துவச் செயற்பாடு ஆகும். இதற்கு இரண்டு நோக்கங்கள் உள்ளன. குழந்தையின் துன்பத்தைக் குறைத்து உறக்கம், உணவு, அசைவு ஆகியவற்றை மீளப்பெறச் செய்வது முதலாவது. வழமையான வலியையும் ஆபத்தை அறிவிக்கும் வலியையும் வேறுபடுத்தி அறிவது இரண்டாவது. பெரும்பாலான குழந்தைகளில் அறுவைக்குப் பின்னரான முதல் மூன்று நாட்களில் வலி மிகுந்திருந்து பின்னர் படிப்படியாகக் குறைகின்றது.

வரலாறு

குழந்தைகளின் வலி நெடுங்காலம் உரிய கவனத்தைப் பெறவில்லை. குழந்தைகளின் நரம்பு மண்டலம் முதிர்ச்சியடையாதது, எனவே அவர்கள் வலியைக் குறைவாகவே உணர்வர் என்றும், உணர்ந்தாலும் விரைவில் மறந்துவிடுவர் என்றும் கருதப்பட்டது. அபினி வகை மருந்துகள் மூச்சை நிறுத்திவிடும், பழக்கத்துக்கு அடிமையாக்கிவிடும் என்ற அச்சமும் இருந்தது.

1977 ஆம் ஆண்டில் அமெரிக்கச் செவிலியர்களான ஜோ ஈலண்ட், ஜேன் ஆண்டர்சன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இந்நிலையை எடுத்துக்காட்டியது. அறுவைக்குட்பட்ட 25 குழந்தைகளில் 13 பேருக்கு வலி நீக்கி எதுவும் கொடுக்கப்படவில்லை. 25 குழந்தைகளும் சேர்ந்து பெற்றவை 24 வேளை மருந்துகள் மட்டுமே. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட 18 வளர்ந்தோர் 671 வேளை மருந்துகளைப் பெற்றிருந்தனர்.

இந்தோரில் மருத்துவம் பயின்று பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு மேற்கொண்ட கன்வல்ஜீத் ஆனந்தும் அவரது குழுவினரும் 1987 ஆம் ஆண்டில் மற்றொரு முக்கிய ஆய்வை வெளியிட்டனர். அறுவையின்போது ஃபென்டானில் என்னும் வலி நீக்கியைப் பெற்ற குறைமாதக் குழந்தைகளில் உடலின் அழுத்த எதிர்வினைகள் குறைவாக இருந்ததையும், பெறாத குழந்தைகளில் அறுவைக்குப் பிந்தைய சிக்கல்கள் கூடுதலாக இருந்ததையும் அது காட்டியது. இதன் பின்னர் பச்சிளங் குழந்தைகளும் வலியை உணர்கின்றனர் என்பது மருத்துவ உலகில் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 1979 இல் வெளியிட்ட வலியின் வரைவிலக்கணத்தை 2020 இல் திருத்தியது. வாயால் சொல்வது வலியை வெளிப்படுத்தும் பல வழிகளில் ஒன்று மட்டுமே என்றும், சொல்ல இயலாமை வலி இல்லை என்பதைக் காட்டாது என்றும் திருத்தப்பட்ட வரைவிலக்கணத்தின் குறிப்புகள் கூறுகின்றன. பேசத் தொடங்காத குழந்தைகளைப் பொறுத்தவரை இது முதன்மையான கருத்தாகும்.

வலி தோன்றும் விதம்

எலும்பைப் போர்த்தியுள்ள சுற்றுச்சவ்வு நரம்பு முனைகள் செறிந்த பகுதி ஆகும். எலும்பு முறியும்போது இச்சவ்வு கிழிந்து கடும் வலி ஏற்படுகின்றது. காயமடைந்த இழையங்களிலிருந்து வெளிவரும் புரோஸ்டாகிளாண்டின் முதலிய வேதிப்பொருட்கள் நரம்பு முனைகளின் உணர்திறனைக் கூட்டுவதால், மெல்லிய தொடுகையும் வலியாக உணரப்படுகின்றது.

தொடைத் தசைகள் வலிமை மிக்கவை. எலும்பு முறிந்ததும் அவை சுருங்கி இறுகி, முறிந்த முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இழுக்கின்றன. இத்தசை இறுக்கமும் வலியின் ஒரு பகுதியாகும். எலும்பு நிலைநிறுத்தப்பட்டதும் முனைகளின் உராய்வு நின்றுவிடுவதால், நன்கு செய்யப்பட்ட நிலைநிறுத்தமே சிறந்த வலி நீக்கிகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. எனினும் தோல், தசை ஆகியவற்றில் ஏற்பட்ட வெட்டுக்காயமும் வீக்கமும் புதிய வலியைத் தருகின்றன.

சிகிச்சை முறையும் வலியின் தன்மையும்

தொடையெலும்புத் தண்டு முறிவுக்கான சிகிச்சை குழந்தையின் வயதையும் எடையையும் பொறுத்து வேறுபடுகின்றது. வலியின் இடமும் தன்மையும் அதற்கேற்ப மாறுகின்றன.

இடுப்பு மாவுக்கட்டு: ஏறத்தாழ 6 மாதம் முதல் 5 வயது வரையான குழந்தைகளுக்கு, மயக்க மருந்து கொடுத்து எலும்பை நேராக்கி, இடுப்பிலிருந்து கால் வரை மாவுக்கட்டுப் போடுவது வழக்கம். வெட்டுக்காயம் இல்லாததால் வலி ஒப்பீட்டளவில் குறைவு. தசை இறுக்கம், கட்டின் ஓரம் உரசுதல், அரிப்பு, ஒரே நிலையில் கிடப்பதால் வரும் எரிச்சல் ஆகியவை முதன்மையான தொல்லைகள் ஆகும்.

வளையும் உள்ளாணிகள்: 5 முதல் 11 வயது வரையான சிறுவர்களுக்கு, எலும்பின் உட்குழலில் நெகிழ்வான உலோக ஆணிகள் இரண்டு செலுத்தப்படுகின்றன. இம்முறை பிரான்சின் நான்சி நகர மருத்துவர்களால் வளர்த்தெடுக்கப்பட்டது. முழங்காலுக்கு அருகே ஆணியின் முனை தோலை உறுத்துவதால் ஏற்படும் வலி இதன் அறியப்பட்ட பக்கவிளைவு ஆகும்.

விறைப்பான உள்ளாணி, உலோகத் தகடு: பெரிய சிறுவர்களுக்கும் எடை மிகுந்தோருக்கும் பயன்படுகின்றன. தகடு பொருத்தப் பெரிய வெட்டுத் தேவைப்படின் முதல் நாட்களில் வலி கூடுதலாக இருக்கும்.

வெளிப்புறச் சட்டகம்: திறந்த காயங்களுடன் கூடிய முறிவுகளில் பயன்படுகின்றது. கம்பி தோலினுள் நுழையும் இடங்களில் வலியும் தொற்றும் ஏற்படலாம். அவ்விடங்களைத் துப்புரவு செய்வதற்குச் சற்று முன்னரே வலி நீக்கி கொடுப்பது நன்று.

வலியை அளவிடுதல்

வலியை அளவிடாமல் தணிக்க இயலாது. குழந்தையின் வயதுக்கும் புரிதலுக்கும் ஏற்ற அளவுகோல் தேர்ந்தெடுக்கப்படுகின்றது. பெரும்பாலான அளவுகோல்கள் 0 முதல் 10 வரை மதிப்பெண் தருகின்றன.

ஃப்ளாக் அளவுகோல்: 1997 இல் வெளியிடப்பட்டது. 2 மாதம் முதல் 7 வயது வரை பொருந்தும். முகம், கால்கள், உடலசைவு, அழுகை, தேற்றப்படும் தன்மை ஆகிய ஐந்து கூறுகளுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண் வழங்கப்படுகின்றது. காலில் கட்டு உள்ள குழந்தையிடம் கால்களின் அசைவை மதிப்பிடும்போது நலமான காலையே கவனிக்க வேண்டியிருக்கும். அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளுக்கென இதன் திருத்தப்பட்ட வடிவமும் உண்டு.

முகங்கள் அளவுகோல்: 1980களில் டோனா வாங், கோனி பேக்கர் ஆகியோர் உருவாக்கிய அளவுகோலில் சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை ஆறு முகங்கள் உள்ளன. 3 வயதுக்கு மேற்பட்டோருக்குப் பொருந்தும். 2001 இல் வெளியான திருத்திய முகங்கள் வலி அளவுகோலில் சிரிப்பும் கண்ணீரும் இல்லை. மகிழ்ச்சியையும் வலியின்மையையும் குழந்தை குழப்பிக்கொள்ளாதிருக்க இது உதவுகின்றது.

எண் அளவுகோல்: ஏறத்தாழ 8 வயதுக்கு மேற்பட்ட சிறுவர்கள் தம் வலிக்குத் தாமே எண் கூறுவர்.

குழந்தைக்குப் பழகிய சொல்லிலேயே வினவ வேண்டும். தமிழ்நாட்டில் "வலிக்குதா" என்று கேட்கும் இடத்தில் இலங்கையில் "நோகுதா" என்பதே குழந்தைக்கு விளங்கும். ஊசி போடுவார்கள் என்ற அச்சத்தால் வலியை மறைக்கும் குழந்தைகளும் உண்டு. அசையாமல், பேசாமல் கிடக்கும் குழந்தை வலியின்றி இருக்கிறது எனக் கொள்ளலாகாது. அசைந்தால் வலிக்கும் என்பதால் அது அவ்வாறு கிடக்கலாம். ஆகவே ஓய்வில் இருக்கும்போதும், திரும்பும்போது அல்லது காலை அசைக்கும்போதும் தனித்தனியே அளவிடுவது முறையாகும். குழந்தையின் வழமையான நடத்தையை அறிந்த தாய் தந்தையரின் கருத்தும் பதிவு செய்யப்படுகின்றது.

மருந்துகள்

வெவ்வேறு வழிகளில் செயற்படும் மருந்துகளை ஒன்றுசேர்த்துக் கொடுப்பது இன்றைய நடைமுறை ஆகும். இதனால் ஒவ்வொரு மருந்தின் அளவும், குறிப்பாக அபினி வகை மருந்தின் தேவையும் குறைகின்றன. குழந்தைகளுக்கான அளவு எப்போதும் உடல் எடையைக் கொண்டே கணிக்கப்படுகின்றது. கீழே தரப்பட்டுள்ள அளவுகள் பொதுவானவை; குறிப்பிட்ட குழந்தைக்குரிய அளவை மருத்துவரே தீர்மானிப்பார்.

பாராசிட்டமால்

அடிப்படையான வலி நீக்கி ஆகும். வாய்வழியாக ஒரு வேளைக்கு ஒரு கிலோகிராம் எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை, 4 முதல் 6 மணி நேர இடைவெளியில் கொடுக்கப்படுகின்றது. 15 மில்லிகிராம் அளவில் 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மிகாதிருப்பது பாதுகாப்பானது. அளவு மீறினால் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படும்.

இபுப்ரோஃபென்

அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு அல்லாத மருந்துகளுள் ஒன்று. புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கின்றது. ஒரு வேளைக்கு ஒரு கிலோகிராம் எடைக்கு 5 முதல் 10 மில்லிகிராம் வரை, 6 முதல் 8 மணி நேர இடைவெளியில் உணவுடன் கொடுக்கப்படுகின்றது. உடலில் நீரிழப்பு, சிறுநீரக நோய், குருதிக்கசிவு, இரைப்பைப் புண் ஆகியவை உள்ள குழந்தைகளுக்குத் தவிர்க்கப்படுகின்றது.

இவ்வகை மருந்துகள் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்ற ஐயம் விலங்காய்வுகளிலிருந்து எழுந்தது. குழந்தைகளிடம் குறுகிய காலப் பயன்பாட்டில் அத்தகைய தீங்கு நிறுவப்படவில்லை. எனவே பல மருத்துவமனைகள் இதனைப் பயன்படுத்துகின்றன. சில எலும்பு அறுவை மருத்துவர்கள் தவிர்க்கின்றனர்.

மார்ஃபினும் பிற அபினி வகை மருந்துகளும்

கடும் வலிக்கு மார்ஃபின் பயன்படுகின்றது. நரம்புவழி ஒரு கிலோகிராம் எடைக்கு 0.05 முதல் 0.1 மில்லிகிராம் வரை சிறிது சிறிதாகச் செலுத்தி விளைவு கவனிக்கப்படுகின்றது. ஏறத்தாழ 6 அல்லது 7 வயதுக்கு மேற்பட்டு, விளக்கத்தைப் புரிந்துகொள்ளக்கூடிய சிறுவர்களுக்கு, தாமே பொத்தானை அழுத்தி மருந்து பெறும் கருவி கொடுக்கப்படலாம். உறக்கம் மிகும்போது சிறுவர் பொத்தானை அழுத்தமாட்டார் என்பதே இக்கருவியின் பாதுகாப்பு. உறங்கும் குழந்தைக்காகப் பெற்றோரோ உறவினரோ பொத்தானை அழுத்துவது அப்பாதுகாப்பை இல்லாதாக்குகின்றது.

குமட்டல், அரிப்பு, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு ஆகியவை பக்கவிளைவுகள் ஆகும். மூச்சு மந்தமாவது ஆபத்தானது. பெரும்பாலும் அதற்கு முன்னரே குழந்தை மிகுந்த உறக்க நிலைக்குச் செல்வதால், மூச்சின் எண்ணிக்கையுடன் விழிப்பு நிலையும் தொடர்ந்து கவனிக்கப்படுகின்றது. மாற்று மருந்தான நலாக்சோன் அருகில் இருத்தல் வேண்டும். உறக்கத்தில் மூச்சுத்தடை உள்ள குழந்தைகளுக்கு அளவு குறைக்கப்படுகின்றது. வலிக்காகச் சில நாட்கள் முறையாகக் கொடுக்கப்படும் மார்ஃபினால் குழந்தை அடிமையாகிவிடும் என்ற அச்சம் பொருத்தமற்றது.

இந்தியாவில் 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கடுமையான உரிம விதிகளால் மருத்துவமனைகளில் மார்ஃபின் கிடைப்பது அரிதாக இருந்தது. இவ்விதிகளை எளிதாக்கும் திருத்தம் 2014 இல் நிறைவேற்றப்பட்டது.

குழந்தைகளுக்குத் தவிர்க்கப்படும் மருந்துகள்

கோடீன்: கல்லீரலில் மார்ஃபினாக மாறிய பின்னரே வலியைத் தணிக்கின்றது. மரபணு வேறுபாட்டால் சிலரில் இம்மாற்றம் மிக விரைவாக நிகழ்ந்து மூச்சு நிற்கலாம். வேறு சிலரில் மாற்றம் நிகழாமல் மருந்து பயனற்றுப் போகலாம். 12 வயதுக்குட்பட்டோருக்கு இதனைத் தவிர்க்குமாறு ஐரோப்பிய மருந்து முகமை 2013 இலும் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2017 இலும் அறிவித்தன.

டிராமடால்: இதே காரணத்தால் 12 வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்கலாகாது என அமெரிக்க நிருவாகம் 2017 இல் அறிவித்தது.

ஆஸ்பிரின்: ரே நோய் என்னும் மூளை, கல்லீரல் பாதிப்புடன் தொடர்புடையது. வலிக்காகக் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுவதில்லை.

நிமசுலைடு: கல்லீரல் பாதிப்புக் காரணமாக 12 வயதுக்குட்பட்டோருக்கு இந்தியாவில் 2011 இல் தடை செய்யப்பட்டது.

பெத்திடின்: இதன் சிதைவுப் பொருள் உடலில் தேங்கி வலிப்பை உண்டாக்கக்கூடும் என்பதால் தொடர் பயன்பாட்டுக்கு உகந்ததன்று.

வட்டார மரப்பு முறைகள்

குழந்தை பொது மயக்கத்தில் இருக்கும்போதே காலுக்குச் செல்லும் நரம்புகளின் அருகில் மரப்பு மருந்து செலுத்தப்படுகின்றது. விழித்தெழும்போது வலி மிகக் குறைவாக இருப்பது இதன் முதன்மைப் பயன்.

தொடை நரம்பு மரப்பு தொடையெலும்புத் தண்டு முறிவுக்கு ஏற்றது. இதற்கு மாற்றாக, இடுப்பு மடிப்பருகே தசையுறையின் கீழ் மருந்தைப் பரவச் செய்யும் முறையைக் குழந்தைகளிடம் ஆராய்ந்து பிரெஞ்சு மருத்துவர் பெர்னார்ட் டாலன்சும் குழுவினரும் 1989 இல் வெளியிட்டனர். முழங்காலுக்குக் கீழுள்ள முறிவுகளுக்கு முழங்கால் மடிப்பின் பின்புறம் இடுப்பு நரம்பு மரக்கச் செய்யப்படுகின்றது. சிறு குழந்தைகளுக்கு முதுகெலும்பின் கீழ்முனை வழியாகச் செலுத்தும் ஊசி பரவலாகப் பயன்படுகின்றது. மீயொலிப் படக்கருவியின் உதவியால் நரம்பைப் பார்த்தவாறே ஊசி செலுத்த இயல்வதால் குறைந்த அளவு மருந்தே போதுமானதாகின்றது.

பியூபிவக்கேன் என்னும் மரப்பு மருந்து பொதுவாக ஒரு கிலோகிராம் எடைக்கு 2.5 மில்லிகிராமுக்கு மிகாமல் கொடுக்கப்படுகின்றது. குருதியில் அளவுக்கு மேல் கலந்தால் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் ஏற்படும். அந்நிலையில் 20 விழுக்காடு கொழுப்புக் குழம்பு நரம்புவழி செலுத்தப்படுகின்றது.

மரப்பு பல மணி நேரத்தின் பின் நீங்கும்போது வலி திடீரென மேலெழலாம். பெரும்பாலும் இது இரவில் நிகழ்வதால், மரப்பு நீங்குமுன்னரே வாய்வழி மருந்துகள் தொடங்கப்படுகின்றன. மரத்த கால் வெப்பத்தையும் அழுத்தத்தையும் உணராது என்பதால் குதிகாலைத் தலையணையால் தாங்கிப் பாதுகாக்க வேண்டும்.

தசைப்பெட்டக அழுத்தம்

கால் தசைகள் நெகிழாத உறைகளால் சூழப்பட்ட பெட்டகங்களில் அமைந்துள்ளன. வீக்கத்தாலோ குருதிக்கசிவாலோ பெட்டகத்தினுள் அழுத்தம் உயர்ந்தால் சிறு குருதிக் குழாய்கள் நசுங்கித் தசையும் நரம்பும் இறக்கத் தொடங்குகின்றன. சில மணி நேரத்தில் மீளாச் சேதம் ஏற்படக்கூடும். கால் முன்னெலும்பு முறிவுகளில் இந்த ஆபத்து மிகுதி. இறுக்கமான மாவுக்கட்டும், பயிற்சியற்றோர் மூங்கில் பட்டை வைத்து இறுக்கிப் போடும் கட்டும் இதனை உண்டாக்கலாம்.

வளர்ந்தோரில் கூறப்படும் உணர்விழப்பு, நாடித்துடிப்பு இழப்பு போன்ற அறிகுறிகள் குழந்தைகளில் காலந்தாழ்த்தியே தோன்றுகின்றன. 2001 இல் பாஸ்டன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு, குழந்தைகளில் கவனிக்கத்தக்க முன்னறிகுறிகள் மூன்று எனச் சுட்டியது. அவை பதற்றம், அமைதியின்மை, வலி நீக்கியின் தேவை தொடர்ந்து கூடுதல் என்பனவாகும். நேற்றுப் போதுமானதாக இருந்த மருந்து இன்று போதவில்லை எனில், மருந்தின் அளவைக் கூட்டுமுன் காலைப் பார்க்க வேண்டும். விரல்களை மெல்ல மேலே வளைக்கும்போது கடும் வலி ஏற்படுவதும் முக்கிய அறிகுறி ஆகும்.

ஐயம் எழுந்தவுடன் மாவுக்கட்டும் அதன் உள்ளிருக்கும் பஞ்சும் தோல் தெரியும் வரை பிளக்கப்படுகின்றன. கால் இதய மட்டத்தில் வைக்கப்படுகின்றது; அதற்கு மேல் உயர்த்தினால் குருதியோட்டம் மேலும் குறையும். இவற்றால் தணியாவிடில் தசையுறையைப் பிளக்கும் அவசர அறுவை செய்யப்படுகின்றது.

மரப்பு ஊசி இந்நோயின் அறிகுறிகளை மறைத்துவிடுமா என்பது நெடுநாள் விவாதம் ஆகும். ஐரோப்பிய, அமெரிக்க வட்டார மரப்புச் சங்கங்கள் 2015 இல் வெளியிட்ட கூட்டுப் பரிந்துரை, மரப்பு ஊசியால் நோயறிதல் தாமதமாகின்றது என்பதற்குச் சான்று இல்லை எனக் கூறி, ஆபத்து மிக்க முறிவுகளில் செறிவு குறைந்த மருந்தைப் பயன்படுத்தவும் கூர்ந்து கண்காணிக்கவும் அறிவுறுத்தியது.

மருந்தில்லா முறைகள்

அழுத்த ஆபத்து இல்லாதபோது காலைத் தலையணைகள் மீது உயர்த்தி வைப்பது வீக்கத்தைக் குறைக்கின்றது. துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடம் சிறிது நேரம் கொடுக்கலாம். கைக்குழந்தைகளுக்கு ஊசி போடுதல் போன்ற குறுகிய வலிகளின்போது தாய்ப்பால் ஊட்டுவதும், நாவில் சில துளி சர்க்கரைக் கரைசல் விடுவதும் பயனளிக்கின்றன. சற்று வளர்ந்தவர்களுக்குக் கதை, பாட்டு, ஒளிப்படக் காட்சிகள், விளையாட்டு ஆகியவை கவனத்தைத் திருப்புகின்றன.

பெற்றோர் உடனிருப்பதும், செய்யப்போவதை முன்கூட்டியே எளிய சொற்களில் உண்மையாகக் கூறுவதும் அச்சத்தைக் குறைக்கின்றன. "வலிக்கவே வலிக்காது" என்று கூறிவிட்டு வலியை உண்டாக்கினால், குழந்தை அடுத்த முறை எவரையும் நம்பாது. இம்முறைகள் மருந்துகளுக்குத் துணையானவை, மாற்றானவை அல்ல.

வீட்டில் பராமரிப்பு

முதல் இரண்டு மூன்று நாட்கள் வலி வரும்வரை காத்திராமல் குறித்த நேரங்களில் மருந்து கொடுப்பதும், பின்னர் தேவைக்கேற்பக் கொடுப்பதும் பொதுவான அறிவுரை ஆகும். கொடுத்த நேரத்தையும் அளவையும் எழுதி வைப்பது, வீட்டில் இருவர் தனித்தனியே அதே மருந்தைக் கொடுத்துவிடுவதைத் தடுக்கின்றது.

திரவ மருந்துகளின் செறிவு வேறுபடுவதால் தவறுகள் நேர்கின்றன. எடுத்துக்காட்டாக, 16 கிலோகிராம் எடையுள்ள குழந்தைக்கு 15 மில்லிகிராம் வீதம் ஒரு வேளைக்குரிய பாராசிட்டமால் 240 மில்லிகிராம் ஆகும். இவ்வளவு மருந்து,
- 5 மில்லிலீட்டரில் 120 மில்லிகிராம் உள்ள பாகில் 10 மில்லிலீட்டர்,
- 5 மில்லிலீட்டரில் 250 மில்லிகிராம் உள்ள பாகில் 4.8 மில்லிலீட்டர்,
- 1 மில்லிலீட்டரில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தில் 2.4 மில்லிலீட்டர்
ஆகும். சொட்டு மருந்தைப் பாகு எனக் கருதி 10 மில்லிலீட்டர் கொடுத்தால் குழந்தை நான்கு மடங்குக்கு மேல் மருந்து பெறும். சமையலறைக் கரண்டியைத் தவிர்த்து, அளவுக் குறியிட்ட மூடி அல்லது ஊசியற்ற பீச்சாங்குழல் கொண்டு அளக்க வேண்டும். சளி, காய்ச்சல் மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருப்பதால் அவற்றைச் சேர்த்துக் கொடுக்கலாகாது.

பின்வருவன தோன்றினால் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்:
- மருந்து கொடுத்தும் தணியாமல் கூடிக்கொண்டே செல்லும் வலி
- விரல்கள் வெளிறுதல், நீலமாதல், குளிர்தல், மரத்தல், அசைக்க இயலாமை
- காய்ச்சல், கட்டிலிருந்து கெட்ட நாற்றம் அல்லது சீழ் வடிதல்
- எழுப்ப இயலாத உறக்கம், மூச்சு மந்தமாதல்
- சிறுநீர் கழியாமை, தொடர் வாந்தி

நீடிக்கும் வலி

பெரும்பாலான குழந்தைகளுக்கு எலும்பு கூடும்போது வலியும் மறைகின்றது. எனினும் பெரிய அறுவைகளுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வலி மாதக்கணக்கில் நீடிப்பதாக 2017 இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று மதிப்பிட்டது. அறுவைக்கு முன்னரே இருந்த வலி, குழந்தையின் பதற்றம், குழந்தையின் வலி குறித்துப் பெற்றோர் கொள்ளும் மிகையான அச்சம் ஆகியவை இதனுடன் தொடர்புடையவை. அரிதாக, காயத்துக்குப் பொருந்தாத கடும் வலி, தோல் நிறமாற்றம், தொட முடியாத கூச்சம் ஆகியவற்றுடன் பன்முக வட்டார வலி நோய் தோன்றலாம். இதற்கு இயன்முறை மருத்துவமும் உளவியல் துணையும் முதன்மையான சிகிச்சைகள் ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

- எலும்பு முறிவு
- தொடையெலும்பு
- வலி நீக்கி
- பாராசிட்டமால்
- மார்ஃபின்
- மயக்க மருந்து
- இயன்முறை மருத்துவம்